கையெழுத்துக்கு மேலே என்ன எழுதியிருக்கிறது? பள்ளி மேலாண்மைக் குழுவுக்குப் புதிதாக வந்தவர்களுக்கு

குழுவில் சேர்ந்த முதல் மாதமே ஒரு தவறு செய்தேன். ஏழாம் வகுப்புப் பையன் ஒருவன் நீளமான பதிவேடு ஒன்றைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு என் தையல் கடைக்கு வந்தான். "நாலு இடத்தில் கையெழுத்துப் போடச் சொன்னார்கள்" என்றான். ஒரு ஜாக்கெட்டுக்குக் கை பொருத்திக்கொண்டிருந்தேன். தையல் இயந்திரத்தின் மேலேயே பதிவேட்டை வைத்து, அவன் விரலால் காட்டிய நான்கு இடங்களிலும் போட்டுக் கொடுத்தேன். அவற்றில் இரண்டு பக்கங்களில் என் கையெழுத்துக்கு மேலே ஒரு வரிகூட இல்லை.

மூன்று மாதம் கழித்து ரேஷன் கடை வரிசையில் ஒரு அக்கா கேட்டார்: "பள்ளிக்கூடத்துப் பழைய பெஞ்சுகளை எவ்வளவுக்கு விற்றீர்கள்?" பெஞ்சு விற்றதே எனக்குத் தெரியாது. மறுநாள் போய்ப் பதிவேட்டைப் புரட்டினேன். உடைந்த பெஞ்சுகளைக் கழித்து விற்கக் குழு ஏகமனதாகத் தீர்மானித்திருக்கிறது. கீழே தலைவர் என்ற இடத்தில் என் பெயர், கொஞ்சம் கோணலாக. விற்ற பணம் கணக்கில் சரியாகவே ஏறியிருந்தது. யாரும் ஒரு ரூபாயும் எடுக்கவில்லை. ஆனாலும் அந்த வரிசையில் நான் விழித்த விழி இருக்கிறதே, அது இன்றும் உறுத்துகிறது.

2022-ல் தமிழ்நாடு முழுவதும் அரசுப் பள்ளிகளில் மேலாண்மைக் குழுக்கள் மறுகட்டமைப்பு செய்யப்பட்டபோது எங்கள் ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளியில் என்னைத் தலைவராகத் தேர்ந்தெடுத்தார்கள். தேர்ந்தெடுத்தார்கள் என்பது பெரிய வார்த்தை. யாரோ என் பெயரைச் சொன்னார்கள், எல்லாரும் கை தட்டினார்கள், நான் மறுப்பதற்குள் வடை வந்துவிட்டது. உங்களில் பலரும் இப்படித்தான் வந்திருப்பீர்கள். சம்பளம் கிடையாது. வந்த பிறகு என்ன செய்ய வேண்டும் என்று யாரும் உட்கார்ந்து விளக்கவும் இல்லை. ஒரு நாள் பயிற்சி, ஒரு கையேடு, அவ்வளவுதான். அதனால் நான் கற்றுக்கொண்ட வரிசையில் எழுதுகிறேன். அது ஒழுங்கான வரிசையாக இருக்காது.

சட்டம் உங்களிடம் கேட்பது

குழந்தைகளுக்கான இலவச கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் 2009-ல் வந்தது, 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதன் 21-ஆவது பிரிவுதான் நம் குழுவுக்கு உயிர். ஒன்றரைப் பக்கம்கூட வராது. கையேட்டை விட்டாலும் இதைப் படித்துவிடுங்கள். குழுவில் குறைந்தது முக்கால் பங்கு பெற்றோர் அல்லது பாதுகாவலர் இருக்க வேண்டும். பாதிப் பேர் பெண்களாக இருக்க வேண்டும். பின்தங்கிய, நலிந்த பிரிவுக் குழந்தைகளின் பெற்றோருக்கு அவர்கள் எண்ணிக்கைக்கு ஏற்ற இடம் தர வேண்டும். எங்கள் குழுவில் 20 பேர். அதில் 15 பேர் பெற்றோர். 2024-ல் மறுபடியும் அமைத்தபோது 24 பேராக்கி, முன்னாள் மாணவர்களையும் சேர்த்தார்கள். தலைமை ஆசிரியர் குழுவை ஒருங்கிணைப்பவர். தலைவர் அவர் அல்லர். இது எல்லாருக்கும் தெரியும், கூட்டம் ஆரம்பித்ததும் எல்லாருக்கும் மறந்துபோகும்.

வேலை என்னவென்று சட்டம் சுருக்கமாகச் சொல்கிறது: பள்ளி எப்படி நடக்கிறது என்று கண்காணிப்பது, பள்ளி வளர்ச்சித் திட்டம் தயாரித்துப் பரிந்துரைப்பது, வரும் மானியம் எப்படிச் செலவாகிறது என்று பார்ப்பது, அரசு விதிக்கும் மற்ற பணிகளைச் செய்வது. கண்காணிப்பது என்ற சொல்லைக் கேட்டதும் சிலருக்குக் காக்கிச் சட்டை போட்டதுபோல் ஆகிவிடுகிறது. எங்கள் குழுவில் ஓர் அண்ணன் முதல் வாரமே மூன்றாம் வகுப்புக்குள் நுழைந்து, பாடம் நடத்திக்கொண்டிருந்த டீச்சரிடம் பிள்ளைகள் முன்னாலேயே, "வாய்ப்பாடு சொல்லிக் கொடுத்தீர்களா?" என்று கேட்டார். டீச்சர் அழுதுவிட்டார். ஆசிரியர்களை நியமிப்பதோ இடமாற்றுவதோ நம் கையில் இல்லை. ஆசிரியர் நேரத்துக்கு வருகிறாரா, வகுப்பு நடக்கிறதா என்பதைக் கூட்டத்தில் கேட்கலாம், கேட்கவும் வேண்டும். வகுப்பறைக்குள் தலைமை ஆசிரியரிடம் சொல்லாமல் போகக் கூடாது. கேள்வியைத் தனி ஆளாக வாசலில் நின்று கேட்டால் அது ஊர்ச் சண்டை. அதையே குழு கேட்டுப் பதிவேட்டில் எழுதினால் பதில் சொல்லியே ஆக வேண்டும்.

இன்னொன்று. உங்கள் பிள்ளையை முன்வரிசையில் உட்கார வைப்பதற்காக இந்தப் பதவிக்கு வந்திருந்தால் இப்போதே விலகிவிடுங்கள். என் மகன் கணக்கில் சுமார். அதைப் பற்றிப் பேச வேண்டுமானால் மற்ற அம்மாக்களைப் போல வகுப்பாசிரியரைத் தனியாகப் பார்த்தேன். பெற்றோரை முறையாகச் சந்தித்துப் பிள்ளையின் வருகையையும் படிப்பையும் சொல்வது ஆசிரியரின் கடமை என்று அதே சட்டத்தின் 24-ஆவது பிரிவு சொல்கிறது. குழுக் கூட்டத்தில் என் மகன் பெயர் இரண்டு ஆண்டும் வரவில்லை. வந்திருந்தால் அதன் பிறகு நான் சொல்லும் எதையும் யாரும் மதித்திருக்க மாட்டார்கள்.

கூட்டம்

மாதம் ஒரு முறை. எங்கள் பள்ளியில் வெள்ளிக்கிழமை பிற்பகல் 3 மணி. நூறு நாள் வேலைக்குப் போகும் அம்மாக்கள் அந்த நேரத்தில் வர முடியாது. வந்தால் கூலி பிடிபடும். முதல் நான்கு கூட்டத்துக்கு வந்தது ஏழு எட்டுப் பேர்தான். "பெற்றோருக்கு அக்கறை இல்லை" என்று ஆசிரியர்கள் சலித்துக்கொண்டார்கள். நேரத்தை 4 மணிக்கு மாற்றினோம், 14 பேர் வந்தார்கள். நீங்கள் செய்ய வேண்டிய முதல் திருத்தம் பெரும்பாலும் இதுவாகத்தான் இருக்கும்.

கூட்டத்துக்கு இரண்டு நாள் முன்பே என்னென்ன பேசப்போகிறோம் என்று கேட்டு வாங்குங்கள். வாட்ஸ்அப்பில் நான்கு வரி வந்தால் போதும். நாங்கள் அதைக் கேட்டபோது தலைமை ஆசிரியர் முதலில் முகம் சுளித்தார். அவருக்கு ஏற்கெனவே வேலை கழுத்து வரை. வகுப்பும் எடுத்துக்கொண்டு, செயலியில் புள்ளிவிவரமும் ஏற்றிக்கொண்டு, சத்துணவுக் கணக்கும் பார்க்கிற மனிதர். பிறகு நாங்களே எழுதிக் கொடுத்தோம். முந்தைய கூட்டத்தில் முடிவானது, அது நடந்ததா, புதிதாக என்ன. மூன்று கேள்விதான். இரண்டாவது கேள்வி இல்லாத கூட்டம் வெறும் டீச் செலவு.

நாற்காலியைப் பற்றிச் சொல்ல வேண்டும். கூட்டத்துக்கு வந்த அம்மாக்களில் மூன்று பேர் எப்போதும் வாசல் தூணருகிலேயே நின்றார்கள். நாற்காலி போதவில்லை போலும் என்று நினைத்திருந்தேன். ஐந்தாவது கூட்டத்தில் எண்ணிப் பார்த்தேன்; இரண்டு நாற்காலிகள் காலியாக இருந்தன. அவர்கள் எந்தத் தெருவிலிருந்து வந்தவர்கள் என்று நான் எழுதத் தேவையில்லை, படிக்கிறவர்களுக்குப் புரியும். அடுத்த மாதம் நாற்காலிகளை எல்லாம் எடுத்துவிட்டு, பள்ளியின் பாய்களை வட்டமாக விரித்தோம். தலைமை ஆசிரியர், வார்டு உறுப்பினர், நான் என எல்லாரும் தரையில். இதற்குத் தீர்மானம் எதுவும் போடவில்லை. இரண்டு கூட்டம் அந்த மூவரில் யாரும் வாய் திறக்கவில்லை. மூன்றாவதில் ஒருவர் தலையைக் குனிந்துகொண்டே சொன்னார்: "என் பொண்ணையும் இன்னும் ரெண்டு பிள்ளைகளையும்தான் கழிப்பறைக்குத் தண்ணீர் ஊற்றச் சொல்கிறார்கள். எப்போதும் அதே மூன்று பேரைத்தான்."

அந்த அறையில் இருந்த யாருக்கும் அது புதிய செய்தி இல்லை என்பது முகங்களிலேயே தெரிந்தது. பிள்ளைகள் யாரையும் கழிப்பறைச் சுத்தத்துக்கு அனுப்பக் கூடாது என்று அன்றே எழுதினோம். யாரை அனுப்புகிறார்கள், ஏன் அவர்களை மட்டும் என்ற கேள்வியையும் எழுதச் சொன்னேன். வார்டு உறுப்பினர், "அது எதற்கு, சுருக்கமாக முடிக்கலாமே" என்றார். முடிக்கவில்லை. தூய்மைப் பணியாளர் வாரத்துக்கு மூன்று நாள்தான் வந்துகொண்டிருந்தார் என்பதும், மற்ற நாள்களில் வேலை பிள்ளைகள் தலையில் விழுந்தது என்பதும் அந்தப் பேச்சில்தான் வெளியே வந்தன. ஊராட்சிக்கு எழுதி, தினமும் வரவைக்க நான்கு மாதம் ஆனது.

உங்கள் குழுவில் யார் பேசுவதில்லை என்று பாருங்கள். கல்லூரி படித்தவர்களும் உரத்த குரல்காரர்களும் எப்படியும் பேசிவிடுவார்கள்.

தீர்மானம் எழுதுவது எப்படி

நான் இரண்டு ஆண்டில் கற்றதில் மிகப் பயனுள்ளது இது. எங்கள் பழைய பதிவேட்டில் இப்படி ஒரு தீர்மானம் இருந்தது: "மாணவியரின் கழிப்பறை வசதியை மேம்படுத்த வேண்டும் எனக் குழு ஒருமனதாகத் தீர்மானித்தது." ஒன்பது கூட்டங்களில் ஒன்பது முறை, எழுத்து மாறாமல். மேம்படுத்துவது என்றால் என்ன? யார்? எப்போது? எந்தப் பணத்தில்? ஒன்றும் இல்லாததால் யாரும் எதையும் செய்யாமல் இருக்க வசதியாக இருந்தது.

நாங்கள் மாற்றி எழுதியது: "மாணவியர் கழிப்பறைகள் மூன்றில் இரண்டின் கதவுகளுக்கு உள்தாழ்ப்பாள் இல்லை. இன்று உறுப்பினர்கள் நேரில் பார்த்தனர். பள்ளி மானியத்திலிருந்து இரண்டு தாழ்ப்பாள்கள் வாங்கிப் பொருத்துவது. பொறுப்பு: உறுப்பினர் இன்னார், ஆசிரியர் இன்னார். அடுத்த கூட்டத்துக்கு முன் முடித்து, பில்லைக் குழு முன் வைப்பது." ஐந்தாம் நாள் தாழ்ப்பாள் வந்தது. ஒன்பது கூட்டமாக மேம்படாதது ஸ்க்ரூடிரைவரும் அரை மணி நேரமும் கொண்டு முடிந்தது.

ஆக, தீர்மானத்தில் குறை எங்கே, எத்தனை, என்ன செய்வது, பணம் எதிலிருந்து, யார் பொறுப்பு, எந்த நாளுக்குள். துணி வெட்டும்போது "கொஞ்சம் தளர்வாக" என்று யாராவது சொன்னால் எத்தனை அங்குலம் என்று கேட்பேன். அதே பழக்கம்தான்.

எழுதி முடித்ததும் ஒருவர் உரக்கப் படிக்க வேண்டும். கையெழுத்துத் தெரியாமல் கைநாட்டு வைக்கும் உறுப்பினர்களும் இருப்பார்கள். உரக்கப் படிப்பது அவர்களுக்காக என்று சொல்லிக்கொள்ளலாம், உண்மையில் எல்லாருக்காகவும்தான். கடைசி வரிக்கும் முதல் கையெழுத்துக்கும் நடுவே இடம் மிஞ்சினால் குறுக்கே கோடு போட்டுவிடுங்கள். பதிவேடு உங்கள் வீட்டுக்கோ கடைக்கோ வந்தால், வந்தவர் கையில் தண்ணீர் கொடுத்து, "நான் பள்ளிக்கு வந்து போடுகிறேன்" என்று சொல்லி அனுப்புங்கள். கோபப்பட வேண்டாம், தூக்கி வந்த பிள்ளை என்ன செய்யும். உங்களுக்கு ஒரு முடிவில் உடன்பாடு இல்லை என்றால் அதையும் பெயரோடு எழுதச் சொல்லலாம். "ஒருமனதாக" என்ற சொல் பழக்கத்தில் வந்து விழும் சொல். அது உண்மையா என்று ஒவ்வொரு முறையும் பாருங்கள்.

முடிந்ததும் கைபேசியில் ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். நான் எடுத்த 22 படங்கள் என்னைப் பலமுறை காப்பாற்றியிருக்கின்றன.

பணம்

ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தில் பள்ளி மானியம் மாணவர் எண்ணிக்கையைப் பொறுத்தது. நான் இருந்தபோது 31 முதல் 100 பிள்ளைகள் வரை உள்ள பள்ளிக்கு ஆண்டுக்கு 25,000 ரூபாய், 101 முதல் 250 வரை 50,000 ரூபாய். அதில் குறைந்தது 10 சதவீதம் தூய்மைப் பணிக்கு. எங்களிடம் 84 பிள்ளைகள். ஆக 25,000, அதில் 2,500 பினாயில், துடைப்பம், சோப்பு. ஒரு நடுநிலைப் பள்ளியின் ஆண்டுச் செலவு இது என்று தெரிந்த நாளில் எனக்குத் தலைமை ஆசிரியர் மேல் இருந்த சந்தேகம் பாதி போய்விட்டது.

மீதிப் பாதி போனது ஒரு பில்லால். ஜூலை தேதியிட்ட மின்மோட்டார் பழுது பில். மானியம் வந்ததோ அதற்குப் பல மாதம் பிறகு. தேதி இடிக்கிறதே, ஏதோ திருட்டு என்று நானும் இன்னொரு உறுப்பினரும் பேசிக்கொண்டோம். கூட்டத்தில் கேட்டேன். மோட்டார் எரிந்துபோனபோது பிள்ளைகளுக்குத் தண்ணீர் இல்லை. மானியம் வரும்வரை காத்திருக்க முடியாமல் அவர் தன் கைப்பணத்தைப் போட்டுச் சரிசெய்திருக்கிறார். பின்னால் எடுத்துக்கொண்டார். அதைச் சொல்லும்போது அவர் குரலில் கோபம் இல்லை, களைப்புதான் இருந்தது. கேட்டதற்காக நான் வருந்தவில்லை. கேட்பதற்கு முன் வெளியே பேசியதற்காக வருந்தினேன். பணக் கேள்வியைக் கூட்டத்துக்கு உள்ளேதான் கேட்க வேண்டும். டீக்கடையில் கேட்டால் கேள்வி வதந்தியாகிவிடும்.

பார்க்க வேண்டியவை மூன்று: பில், வங்கிக் கணக்குப் பதிவு, பொருள். முதல் இரண்டைக் காகிதத்தில் பார்க்கலாம். மூன்றாவதை எழுந்து போய்ப் பார்க்க வேண்டும். 12 விளக்கு வாங்கியதாக இருந்தால் 12 விளக்கையும் தலை தூக்கி எண்ணுங்கள். நன்கொடையோ வேறு எதுவோ ரொக்கமாக உங்கள் கையில் வாங்காதீர்கள், ஒரு மணி நேரத்துக்குக்கூட.

உங்கள் சொந்தக்காரர் கடையில் பெயிண்ட் வாங்கப்போகிறார்கள் என்றால், அதைச் சொல்லிவிட்டு அந்தப் பேச்சு முடியும்வரை வெளியே போய் நில்லுங்கள். எங்கள் குழுவில் சீருடைத் தைப்பு சம்பந்தமாக ஒரு பேச்சு வந்தபோது நானே எழுந்து போய் வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்தேன். எனக்கு அந்த வேலை கிடைக்கவில்லை. வீட்டில் திட்டு விழுந்தது.

சாய்தளம்

இதைத் தனியாகச் சொல்ல ஆசை. எங்கள் துணைத் தலைவரின் மகள் சக்கர நாற்காலியில் வருபவள். கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணையில் பள்ளிக் கட்டடத்துக்கு என்னென்ன வேண்டும் என்று ஒரு பட்டியல் இருக்கிறது: ஆசிரியருக்கு ஒன்று வீதம் வகுப்பறை, ஆண் பெண் பிள்ளைகளுக்குத் தனித்தனிக் கழிப்பறை, பாதுகாப்பான குடிநீர், விளையாட்டிடம், சுற்றுச்சுவர் அல்லது வேலி, தடையில்லாமல் உள்ளே போக வழி. அந்தக் கடைசி வரியை வைத்துத்தான் சாய்தளம் கேட்டோம். கிடைத்தது. சிமெண்டு காய்ந்ததும் ஒப்பந்தக்காரர் முடிவறிக்கையில் கையெழுத்துக் கேட்டார்.

துணைத் தலைவர், "ஒரு முறை ஏற்றிப் பார்க்கிறேன்" என்று மகளைத் தள்ளிக்கொண்டு போனார். பாதியில் நாற்காலி பின்னால் சாய்ந்தது. நானும் சத்துணவு சமையல் அக்காவும் ஓடிப் பிடித்தோம். திண்ணை உயரம் ஒன்றரை அடி. சாய்தளத்தின் நீளம் ஆறு அடி. ஓர் அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் வேண்டும் என்பதுதான் வழக்கமான அளவு. பதினெட்டு அடி வந்திருக்க வேண்டும். என் இஞ்சு டேப்பாலேயே அளந்து, அளவோடு பதிவேட்டில் எழுதினோம். கையெழுத்துப் போடவில்லை. ஒப்பந்தக்காரர் நான்கு முறை வந்தார்; முதல் முறை கெஞ்சினார், இரண்டாம் முறை ஊராட்சியில் யாரை எல்லாம் தெரியும் என்று சொன்னார், மூன்றாம் முறை என் கணவரிடம் பேசினார். நான்காம் முறை கொத்தனாரோடு வந்து உடைத்துவிட்டுப் புதிதாகக் கட்டினார்.

அதனால் புதிய உறுப்பினர்கள் யாராக இருந்தாலும் ஒன்று கேட்பேன். மாதம் ஒரு முறை கூட்டத்துக்கு முன் இருபது நிமிடம் பள்ளியைச் சுற்றி வாருங்கள். குழாயைத் திறந்து பாருங்கள். கழிப்பறைக் கதவைச் சாத்தி உள்ளிருந்து தாழ் போடுங்கள். மேல்நிலைத் தொட்டி கழுவிய தேதியை அதன் பக்கத்திலேயே பெயிண்டில் எழுதச் சொல்லுங்கள். மதியச் சோற்றில் ஒரு பிடி வாங்கிச் சாப்பிடுங்கள். முட்டை நாளில் மட்டும் போகாதீர்கள். சுவரில் விரிசல் தெரிந்தால், நீங்களே கருத்துச் சொல்லாமல், ஒன்றியப் பொறியாளர் வந்து பார்த்து எழுத்தில் தர வேண்டும் என்று தீர்மானம் போடுங்கள். அதுவரை பிள்ளைகள் அந்தப் பக்கம் போகாதபடி கயிறு கட்டச் சொல்லுங்கள்.

வராத பிள்ளைகள்

ஒரு பிள்ளை தொடர்ந்து வராவிட்டால் அந்த வீட்டுக்குப் போக வேண்டியது நாம்தான். ஆசிரியர் போனால் கதவு பாதி திறக்கும், நாம் போனால் முழுதாகத் திறக்கும். ஆனால் கும்பலாகப் போகாதீர்கள். இரண்டு பேர் போதும். அதில் ஒருவர் அந்தத் தெருக்காரராக இருக்கட்டும். எட்டாம் வகுப்புப் பையன் செங்கல் சூளைக்குப் போய்க்கொண்டிருந்தான். அப்பாவுக்கு முதுகில் அடி. சட்டம் சொல்லி மிரட்டியிருக்கலாம், 14 வயதுக்குக் கீழே எந்த வேலையிலும் பிள்ளையை வைக்கக் கூடாது. பையனுக்குப் பதின்மூன்று. நாங்கள் முதலில் அப்பாவின் மருத்துவச் சீட்டைக் கேட்டோம். பையன் திரும்பி வர ஆறு வாரம் ஆனது. எல்லாரும் வந்துவிடவில்லை, ஒரு பெண் வரவேயில்லை. 18 வயது ஆகாத பிள்ளைக்குக் கல்யாணப் பேச்சு என்று தெரிந்தால் வீட்டாரோடு பேச்சுவார்த்தை நடத்திக்கொண்டிருக்காதீர்கள். குழந்தைகள் உதவி எண்ணான 1098-க்கு உடனே அழையுங்கள்.

பிள்ளை மீது பாலியல் அத்துமீறல் என்று காதில் விழுந்தால் அது குழு பேசித் தீர்க்கும் விஷயமே கிடையாது. கூட்டம் போடக் கூடாது, அந்தப் பிள்ளையைக் கூப்பிட்டு விசாரிக்கக் கூடாது, "பள்ளி பெயர் கெடும்" என்று யாராவது சொன்னால் காதில் வாங்கக் கூடாது. 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டம், தெரிந்தவர் எவராக இருந்தாலும் காவல்துறைக்குச் சொல்ல வேண்டும் என்கிறது. சொல்லாமல் மறைப்பது குற்றம். பிள்ளையின் பெயர், தெரு, வகுப்பு எதுவும் வாட்ஸ்அப் குழுவில் போகக் கூடாது. 1098 இதற்கும் பொருந்தும். மாநிலப் பள்ளிக் கல்வித் துறையின் 14417 என்ற எண்ணும் இருக்கிறது. இரண்டையும் பிள்ளைகள் கண்ணில் படும் உயரத்தில் சுவரில் எழுத வையுங்கள். எங்கள் பள்ளியில் முதலில் தலைமை ஆசிரியர் அறைக்குள் எழுதியிருந்தார்கள்.

வெளியே எழுதுவது

குழுவால் முடியாததை யாரிடம் கேட்பது என்பது பாதிப் போராட்டம். கட்டடம், தண்ணீர், சுற்றுச்சுவர் என்றால் ஊராட்சி, ஒன்றிய அலுவலகம். ஆசிரியர் காலியிடம் என்றால் வட்டாரக் கல்வி அலுவலர். காலியிடம் கேட்கும்போது எண்ணிக்கையோடு கேளுங்கள். தொடக்க வகுப்புகளில் 60 பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர், 61 முதல் 90 வரை மூன்று. ஆறு முதல் எட்டு வரை அறிவியலும் கணிதமும் சேர்த்து ஒருவர், சமூக அறிவியலுக்கு ஒருவர், மொழிக்கு ஒருவராவது வேண்டும் என்று கல்வி உரிமைச் சட்டத்தின் அதே அட்டவணையில் இருக்கிறது. "ஆசிரியர் பற்றாக்குறை" என்று எழுதிய மூன்று மனுவுக்குப் பதில் இல்லை. "ஆறு முதல் எட்டு வரை கணிதம் நடத்த இந்தத் தேதியிலிருந்து ஆள் இல்லை, சட்ட அட்டவணைப்படி இருக்க வேண்டும்" என்று எழுதியதற்கு வந்தது. மாற்றுப் பணியில் ஒருவரை அனுப்பினார்கள்.

கிராம சபையை விட்டுவிடாதீர்கள். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. குழுத் தீர்மானத்தின் நகலோடு போய், அதைச் சபைத் தீர்மானமாகப் பதிவு செய்யக் கேளுங்கள். பத்து அம்மாக்கள் சேர்ந்து முன்வரிசையில் உட்கார்ந்தால் ஊராட்சித் தலைவர் எவ்வளவு அவசரத்தில் இருந்தாலும் கேட்டுவிட்டுத்தான் போவார்.

எந்த மனுவாக இருந்தாலும் இரண்டு நகல். ஒன்றில் முத்திரையும் தேதியும் வாங்கிக்கொள்ளுங்கள். பதிலே இல்லை என்றால் கல்வி உரிமைச் சட்டத்தின் 32-ஆவது பிரிவில் எழுத்துப்பூர்வமான புகாருக்கு உள்ளாட்சி அமைப்பு மூன்று மாதத்துக்குள் முடிவு சொல்ல வேண்டும். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்பு ஒட்டிக் கேட்டால் 30 நாளில் பதில் வர வேண்டும். நான் ஒரே ஒரு முறை அதைப் பயன்படுத்தினேன். எடுத்ததற்கெல்லாம் அதைத் தூக்கினால் தலைமை ஆசிரியரோடு பேசுகிற வழி அடைபட்டுவிடும். தினமும் பிள்ளைகள் போய் உட்காரப்போவது அவரிடம்தான்.

ஒப்படைப்பு

என் காலம் முடிந்தபோது பழைய பொறுப்பாளர் யாரும் எனக்குச் செய்யாத ஒன்றைச் செய்தேன். ஒரு நோட்டில் முடியாத வேலைகளை எண் போட்டு எழுதி, ஒவ்வொன்றுக்கும் தீர்மானத் தேதி, மனு கொடுத்த இடம், கடைசியாகக் கிடைத்த பதில் மூன்றையும் சேர்த்து, புதிய தலைவர் கையில் கொடுத்தேன். அவர் என்னைவிட இளையவர், பூக்கடை வைத்திருக்கிறார். பதினோரு வேலைகள் இருந்தன. மேற்குச் சுவர் நான்காவது. நூலகப் புத்தகங்களுக்குப் பூட்டில்லாத அலமாரி ஏழாவது. புதிய வகுப்பறைக்கும் சாய்தளம் வேண்டும் என்பது பத்தாவது. அதன் பக்கத்தில் திண்ணை உயரம் இரண்டு அடி, நீளம் இருபத்து நான்கு அடி என்று எழுதி, என் பழைய இஞ்சு டேப்பையும் நோட்டுக்குள் மடித்து வைத்தேன்.